500 பாயிண்டுகள், ஒரு நோட்டுப் புத்தகம்... குளச்சல் கரையில் விடிய விடிய நடந்த கணக்கெடுப்பு!

மாலை ஐந்து மணிக்குக் குளச்சல் கடற்கரை இரண்டாகப் பிரிந்து கிடக்கும். ஒரு பக்கம், சுற்றுலாக் கூட்டம். 1741-ல் டச்சுப் படையை மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை தோற்கடித்ததன் நினைவாக நிற்கும் தூணைப் பார்த்துவிட்டு, கையில் பஜ்ஜியோடு அலையைப் பார்த்து நிற்கும். இன்னொரு பக்கம், ராத்திரித் தொழிலுக்குக் கிளம்பும் ஃபைபர் வள்ளங்கள். ஐஸ் பெட்டி ஏறும், தண்ணீர் கேன் ஏறும், தூண்டில் ஏறும். கடைசியாக, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு சின்னக் கருவி ஏறும். பழைய செல்போனைவிடக் கொஞ்சம் தடிமனான அந்தக் கருவிதான் ஜி.பி.எஸ்.

அன்று ஒரு வள்ளம் மட்டும் கிளம்பவில்லை. அதன் ஜி.பி.எஸ், பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு ரிப்பேர் கடையின் மேஜைமேல் திறந்து கிடந்தது. முன்பக்கம் செல்போன் சர்வீஸ், பின்பக்கம் வயர்லெஸ், எக்கோ சவுண்டர், ஜி.பி.எஸ் என்று கடலுக்குப் போகும் கருவிகளுக்கு வைத்தியம் பார்க்கும் கடை அது. மேஜைக்கு இந்தப் பக்கம் முப்பது வயது மகன். அவருக்குப் பின்னால், வாசல் படியில் உட்கார்ந்திருந்தார் அறுபதைத் தாண்டிய அப்பா. கண்ணில் புரை விழுந்ததால் இரண்டு வருடமாகக் கடலுக்குப் போகாதவர்.

"ஆன் ஆவுது தம்பி. பத்து நிமிஷம் நல்லா இருக்கு. பொறவு அப்படியே உறைஞ்சு நிக்குது. நேத்து ராத்திரி பாருக்குப் பக்கத்துல போன நேரம் பாத்து நின்னுட்டு. டீசல் போனதுதான் மிச்சம்" என்றார் மகன்.

கடைக்காரத் தம்பி கருவியைப் புரட்டிப் பார்த்தார். "மெமரியும் ஃபுல்லா கிடக்கு அண்ணே. ரீசெட் அடிச்சாதான் சரியாவும்."

வாசலிலிருந்து குரல் வந்தது. "ரீசெட்டுன்னா என்ன மக்கா? எனக்க பாரெல்லாம் போயிருமா?"

"எல்லாம் போயிரும் மாமா."

"அப்போ வேண்டாம். கொண்டா இங்க."

மலையும் கோபுரமும் சேரும் இடம்

பெரியவர் ஏன் அப்படிப் பதறினார் என்பது புரிய, 'பார்' என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் குமரிக் கரையில் பார் என்கிறார்கள். மணல் தரையில் மீன் வரும், போகும். பாரில் தங்கும். கலவா, விளமீன் மாதிரி நல்ல விலை போகும் மீன்களுக்குப் பார்தான் வீடு. தண்ணீருக்கு மேலே அடையாளம் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே நீலம். சில பார்கள் ஒரு கல்யாண மண்டபம் அளவுகூட இருக்காது. ஐம்பது மீட்டர் தள்ளித் தூண்டில் போட்டால் வெறும் கையோடு திரும்ப வேண்டியதுதான்.

கருவி வருவதற்கு முன்பு இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்குப் பெயர் கணிச்சம். கடலில் நின்றுகொண்டு கரையைப் பார்க்க வேண்டும். முன்னால் ஒரு சர்ச் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு மலை முகடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி நின்றால், வள்ளம் ஒரு கோட்டின்மேல் இருக்கிறது என்று அர்த்தம். இப்போது கழுத்தை வேறு பக்கம் திருப்பி இன்னொரு ஜோடி. முட்டம் கலங்கரை விளக்கமும் அதற்குப் பின்னால் தெரியும் மருந்துவாழ் மலையும் சேர்ந்தால் இரண்டாவது கோடு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் ஈயக்கட்டியை இறக்கினால் கயிற்றில் கல் தட்டும். அதுதான் பார்.

குளச்சலிலிருந்து கிழக்கே மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி, கடியப்பட்டினம் வழியாக முட்டம் வரை கடலோரமாகவே ஒரு பயணம் போனால் இந்தக் கணிச்சத்தின் கரைப் பக்கத்தைப் பார்க்கலாம். சாலையில் போகிறவருக்கு ஊருக்கு ஒரு சர்ச், இடையில் பகவதி அம்மன் கோயில், வள்ளியாறு கடலில் கலக்கும் கழிமுகம், பிறகு முட்டத்தின் செம்மண் மேடு. வடக்கே தலையைத் தூக்கினால் வேளிமலை. பாரதிராஜா படங்களில் பார்த்த பாறைகளில் ஏறி நின்று சூரிய அஸ்தமனத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். ஆனால், கடலில் இருப்பவருக்கு இவை அத்தனையும் எழுத்துகள். எந்த மலைக்கு முன்னால் எந்தக் கோபுரம் என்று வாசிப்பார். பள்ளிக்கூடம் போகாமலே பெரியவர் வாசித்த பாடம் அது.

கணிச்சத்துக்கும் கஷ்ட காலம் உண்டு. மழை மூட்டத்தில் மலை தெரியாது. ராத்திரியில் கோபுரம் தெரியாது. பழைய சர்ச்சை இடித்து உயரமாகக் கட்டினால் கணக்கு மாறும். அடையாளமாக இருந்த தென்னை ஒரு காற்றில் விழுந்தால் அந்தக் கோடே போச்சு. கரை மறையும் தூரத்துக்குத் தொழில் போனபோது கணிச்சத்தால் கூடவே வர முடியவில்லை. அந்த இடத்தில்தான் ஜி.பி.எஸ் வந்து உட்கார்ந்தது.

மெமரிக்குள்ளே என்ன இருக்கிறது?

'மெமரி ஃபுல்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால், கருவியின் மெமரி ஒரே பெட்டி இல்லை. வீட்டுப் பீரோ மாதிரி பல தட்டுகள் உண்டு. எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மொத்தமாகக் கொட்டிவிடுவதில்தான் ஆபத்து.

முதல் தட்டில் இருப்பவை பாயிண்டுகள். பார் வந்ததும் பட்டனை அழுத்தி 'மார்க்' அடித்தால் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் பதிவாகும். பரவலாகப் புழங்கிய பழைய கைக்கருவிகள் சிலவற்றில் 500 பாயிண்டுகள்தான் கொள்ளளவு. பிறகு வந்தவற்றில் 2,000 வரை இடம் உண்டு. இந்தத் தட்டு நிரம்பினால் கருவி புதிய பாயிண்டை ஏற்காது; பழையதைத் தானாக அழிக்கவும் செய்யாது.

இரண்டாவது தட்டில் 'டிராக்'. வள்ளம் போன பாதையை, கோலத்துக்குப் புள்ளி வைப்பது மாதிரி கருவியே வைத்துக்கொண்டு வரும். இது நிரம்பினால் பழைய புள்ளியின் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளச் சொல்லலாம், அல்லது நின்றுவிடச் சொல்லலாம். அதற்கு அமைப்பில் வசதி இருக்கிறது.

மூன்றாவது, அமைப்புகள். தூரத்தை எந்த அளவில் காட்ட வேண்டும், நேரம் எந்த நாட்டு நேரம், எண்களை எந்த வடிவில் எழுத வேண்டும், எந்த இடத்துக்குப் பக்கத்தில் போனால் அலாரம் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் இங்கே.

நான்காவது தட்டு, நாம் கண்ணால் பார்க்காதது. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்களின் கால அட்டவணை அது. எந்தக் கோள் எப்போது எந்தத் திசையில் இருக்கும் என்ற தோராயமான அட்டவணை ஒன்று. ஒவ்வொரு கோளின் துல்லியமான பாதை இன்னொன்று. முதலாவதற்கு அல்மனாக் என்று பெயர். இதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கருவி ஆன் செய்ததும் 'யாரைத் தேடுவது' என்று முடிவு செய்கிறது.

ரீசெட்டிலும் அதேபோல் படிகள் உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டுவது முதல் படி. இதில் சேமித்த எதுவும் போகாது. டிராக்கை மட்டும் அழிப்பது இரண்டாவது. அமைப்புகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோவது மூன்றாவது. ஆன் செய்யும்போதே குறிப்பிட்ட பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்து நான்கு தட்டுகளையும் காலி செய்யும் முழு ரீசெட் கடைசிப் படி. பட்டன்கள் மாடலுக்கு மாடல் மாறும். அழிந்த பிறகு 'ஐயோ' என்றால் திரும்பி வராது என்பது மட்டும் மாறாது.

கடைக்காரத் தம்பி நல்லவர். அவசரப்படவில்லை. முதலில் பேட்டரி தொடும் கம்பிகளைப் பார்த்தார். உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. சுரண்டித் துடைத்தார். திரும்பவும் உறைந்தது. மகனைக் கேட்டுவிட்டு டிராக்கை அழித்தார். ம்ஹூம். கேபிள் போட்டுக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றால், கேபிள் சொருகும் துளை துரு ஏறி எப்போதோ செத்திருந்தது.

"ஒரு வழிதான் இருக்கு மாமா. உறையுறதுக்கு முன்னாடி பத்துப் பத்து நிமிஷமா எடுத்து நோட்டுல எழுதுங்க. எழுதி முடிச்சுட்டு நாளைக்குக் கொண்டு வாங்க. பொறவு ரீசெட் பண்ணுவோம்."

கடையிலேயே வைத்து எழுதலாமா என்று அவர் கேட்கவும் இல்லை, இவர்கள் சொல்லவும் இல்லை. அந்தக் கரையில் பாயிண்ட் என்பது நகை மாதிரி. அடுத்தவர் கண் படும்படி யாரும் திறந்து வைக்க மாட்டார்கள்.

"இது எந்தப் பார்ப்பா?"

ராத்திரி எட்டு மணி. வீட்டுத் திண்ணையில் மகன், மடியில் கருவி. மருமகள் கையில் பிள்ளையின் கணக்கு நோட்டும் பேனாவும். சுவரில் சாய்ந்து அப்பா. மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் பாதியில் இருந்தன.

பிரச்னை முதல் பாயிண்டிலேயே ஆரம்பித்தது. பெரியவர் ஒவ்வொரு முறை மார்க் அடித்தபோதும் கருவி தானாகவே 001, 002 என்று பெயர் வைத்திருந்தது. பெயர் மாற்றலாம்தான். ஆனால், ஆங்கில எழுத்தில், சில எழுத்துகளுக்குள், ஆடும் வள்ளத்தில் நின்று ஒவ்வொன்றாகத் தேடி அழுத்த வேண்டும். அவருக்குப் பெயர்கள் மனதில் இருந்தன, எண்கள் தேவைப்படவில்லை. மகனுக்கு எண்கள் கையில் இருந்தன, பெயர்கள் தெரியாது.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாம் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு பாயிண்டும் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று கருவி காட்டும். மகன் அதை வாசிப்பார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார்.

"தெக்க சாஞ்ச மேற்கு, நாலே முக்கால்."

"வேளிமலை மொனையும் நம்ம கோயில் கோபுரமும் சேருகது. இருபது பாகம் தண்ணி. எழுது மக்களே, அது உனக்க தாத்தாவுக்க பார்."

மருமகள் எழுதினார். நோட்டில் முதலில் இரண்டு பத்திகள்தான் போட்டிருந்தார்: எண், இடம். அந்தப் பதிலைக் கேட்டதும் ஸ்கேலை எடுத்து மூன்றாவதாக ஒரு கோடு இழுத்தார். கணிச்சம்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவி உறைந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினார்கள். எழுதிய ஒவ்வொன்றையும் மருமகள் திரும்ப வாசிக்க, மகன் சரிபார்த்தார். காரணம் இருந்தது. அட்சரேகையில் ஒரு 'மினிட்' என்பது ஒரு நாட்டிகல் மைல், அதாவது 1,852 மீட்டர். புள்ளிக்குப் பின்னால் மூன்றாவது இலக்கம் தப்பினால் சில மீட்டர்தான் மாறும். புள்ளிக்கு முன்னால் ஒரே ஓர் இலக்கம் தப்பினால் வேறு ஊர்க் கடலில் போய் நிற்க வேண்டியதுதான்!

எண்ணை எழுதும் விதமும் முக்கியம். 8 டிகிரி 10.5 மினிட் என்பதும் 8.105 டிகிரி என்பதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால், ஒரு டிகிரிக்கு 60 மினிட். எனவே, 10.5 மினிட் என்பது 0.175 டிகிரி. ஒன்றை இன்னொன்றாக எழுதினால் ஏழரை கிலோமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். இதனால் நோட்டின் முதல் பக்கத்தில், 'எல்லாம் டிகிரி, மினிட், மினிட்டில் புள்ளி' என்று பெரிதாக எழுதிவைத்தார் மருமகள்.

பழைய பாயிண்டுகள் சிலவற்றுக்குப் பெரியவர் ஒரு விநோதமான குறிப்புச் சொன்னார். "இதுல காட்டுற எடத்துல மீன் கிடையாது. அங்கேருந்து கொஞ்சம் கெழக்கே தள்ளிப் போவணும்." மகன் சிரித்தார். ஆனால், பெரியவர் சொன்னதற்குப் பின்னால் வரலாறே இருந்தது. ஜி.பி.எஸ் அமெரிக்க ராணுவத்தின் ஏற்பாடு. பொதுமக்களுக்கான சிக்னலில் அவர்கள் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது 2000-ம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில். அதற்கு முன்பு தன் முதல் கருவியில் மார்க் அடித்த பாயிண்டுகளைத்தான் அவர் இதில் கையால் ஏற்றி வைத்திருந்தார். எண் பழைய பிழையோடு அப்படியே இருந்தது. திருத்தம் மட்டும் அவர் தலைக்குள் இருந்தது.

நடுச்சாமத்தில் இன்னொரு குழப்பம். ஒரு பாயிண்டில் பதிவான தேதி '2000 ஏப்ரல் 25' என்று காட்டியது. "இதுவும் கலப்படக் காலத்துப் பாயிண்டாப்பா?" என்றார் மகன். பெரியவர் தலையை ஆட்டினார். "இந்தக் கருவி வாங்குனதே சுனாமிக்குப் பொறவு. அதுல எப்படி 2000 வரும்?"

விடை மறுநாள் கடையில் கிடைத்தது. ஜி.பி.எஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வாரக் கணக்கில்தான் சொல்லும். 0 முதல் 1,023 வரை எண்ணிவிட்டுத் திரும்பவும் 0-க்கு வந்துவிடும். 2019 ஏப்ரல் 6-ம் தேதி இரவு அப்படி ஒருமுறை சுழி திரும்பியது. அதைப் புரிந்துகொள்ளும்படி செய்யப்படாத பழைய கருவிகள் சில, 1,024 வாரங்கள் பின்னால் போய் 1999-ல் நின்றன. அந்தக் கணக்கில், '2000 ஏப்ரல் 25' என்பது உண்மையில் 2019 டிசம்பர் 10. தேதிதான் தப்பு, இடம் சரி. எவ்வளவு ரீசெட் அடித்தாலும் இந்தத் தேதிக் கோளாறு போகாது, அது மெமரியின் குறை இல்லை.

மீன் இல்லாத பாயிண்ட்

விடியற்காலை மூன்று மணிக்கு நோட்டில் பாதி தாண்டியிருந்தது. எல்லாவற்றையும் எழுதவில்லை. ஒரே பாரின்மேல் அவர் வெவ்வேறு நாளில் அடித்த ஐந்தாறு மார்க்குகளில் ஒன்று போதும் என்று மற்றவற்றை விட்டார்கள். சிலவற்றைப் பெரியவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஒரு பாயிண்டைக் கேட்டதும், "அதைக் கண்டிப்பா எழுது. அங்க மீன் பிடிக்க இல்ல, ஒதுங்கிப் போவ. அடியில என்னமோ கிடக்கு. எனக்க ரெண்டு வலையைக் கிழிச்சிருக்கு" என்றார்.

பிறகு ஒன்று வந்தது. கரையிலிருந்து வெகு தூரம். திசையைக் கேட்டதும் பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை.

"பாராப்பா?"

"இல்ல."

"கணிச்சம்?"

"கரை தெரியாத எடம் மக்கா. கணிச்சம் ஒண்ணும் கிடையாது."

"அப்போ விட்டுருவோமா?"

"ஒக்கியில போனவனைத் தேடிப் போனோம்லா... அவனுக்க வள்ளம் கவுந்து கிடந்த எடம். எழுது."

2017 நவம்பர் 30-ம் தேதி குமரிக் கரையைப் புரட்டிய ஒக்கி புயலைப் பற்றி அந்த வீட்டில் மேற்கொண்டு யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மருமகள் எண்களை எழுதி, மூன்றாவது பத்தியில் என்ன எழுதுவது என்று தெரியாமல், ஒரு சின்னச் சிலுவைக் குறி மட்டும் போட்டார்.

ஐநூறில் தேறியவை இருநூறுக்குக் கீழே. கிழக்கு வெளுத்தபோது நோட்டு மூடப்பட்டது.

பன்னிரண்டரை நிமிடக் காத்திருப்பு

மறுநாள் காலை பத்து மணிக்கு முழு ரீசெட். இரண்டு பட்டன், ஒரு கேள்வி, ஒரு சம்மதம். சில விநாடியில் இருபது வருட மெமரி காலி. பெரியவர் அந்த நேரம் கடைக்குள் வரவில்லை.

"இப்ப இதுக்கு ஒண்ணுமே தெரியாது அண்ணே. எந்த ஊர்ல இருக்கோம்னுகூடத் தெரியாது. திறந்த வானம் உள்ள எடமா வைங்க" என்று அனுப்பிவைத்தார் கடைக்காரத் தம்பி.

கடற்கரைச் சுவரின்மேல் கருவியை வைத்துவிட்டு, டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். நம் செல்போன் சில விநாடிகளில் இடத்தைக் காட்டிவிடுவதற்குக் காரணம், செயற்கைக்கோள் விவரங்களை இன்டர்நெட் வழியாக அது முன்கூட்டியே வாங்கிக்கொள்வதுதான். இந்தக் கைக்கருவிக்கு அந்த வசதி இல்லை. வானத்திலிருந்து வருவதை மட்டுமே கேட்க வேண்டும். ஜி.பி.எஸ் செயற்கைக்கோள் தன் செய்தியை விநாடிக்கு 50 பிட் என்ற வேகத்தில் நிதானமாகச் சொல்லும். முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிடம். நடுவே கையில் எடுத்து ஆட்டுவதோ அணைப்பதோ கூடாது. குறைந்தது நான்கு கோள்கள் பிடிபட்டால்தான் இடம் சரியாகத் தெரியும்.

திரையில் காலியாக இருந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின. இரண்டு... மூன்று... ஐந்து. "குளச்சலைக் கண்டுபிடிச்சிட்டு!" என்றார் மகன்.

அவர்கள் உடனே பாயிண்டுகளை ஏற்றத் தொடங்கவில்லை. முதலில் அமைப்புகள். ரீசெட்டுக்குப் பிறகு தூரம் தரை மைலில் காட்டியது. அதை நாட்டிகல் மைலுக்கு மாற்றினார்கள். நேரத்தை இந்திய நேரத்துக்கு, அதாவது உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி வைத்தார்கள். எண் வடிவம் நோட்டின் முதல் பக்கத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு நோட்டில் எழுதியிருந்த துறைமுக முனைப் பாயிண்டுக்கு நடந்தே போய், கருவி அங்கே காட்டும் எண்ணும் நோட்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டார்கள். ஒன்றுதான். அதைத்தான் முதல் பாயிண்டாக ஏற்றினார்கள். திரும்பி வரும் இடம் அது.

ஆழ்கடலுக்குப் போகிற படகுகளுக்கும், ராமேஸ்வரம் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கும் இந்த இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையப்பட்ட இந்திய - இலங்கைக் கடல் எல்லையைப் பலரும் கருவியில் கோடாகவோ, அலாரமாகவோ ஏற்றி வைத்திருப்பார்கள். முழு ரீசெட்டில் அந்தக் கோடும் போய்விடும். அலாரம் அடிக்கவில்லை என்பதால் எல்லை இன்னும் வரவில்லை என்று நம்பிவிடக் கூடாது.

வேளிமலை தெரிகிறதா?

அன்று சாயங்காலம் வள்ளம் கிளம்பியபோது, இரண்டு வருடத்துக்குப் பிறகு பெரியவரும் ஏறினார். மருமகள் தடுத்துப் பார்த்தார். "வெளிச்சம் போறதுக்குள்ள வந்துருவோம். ஒரு பாரைப் பாத்துட்டு வரணும், அவ்வளவுதான்" என்றார்.

நோட்டின் முதல் வரிசை. தாத்தாவின் பார். கருவியில் தூரம் குறைந்துகொண்டே வந்தது. புள்ளி ஐந்து, புள்ளி இரண்டு, புள்ளி பூஜ்ஜியம் மூன்று. மகன் இன்ஜினைக் குறைத்தார்.

"கருவியை மூடி வை" என்றார் அப்பா. "எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு. நீ பாத்துச் சொல்லு. வேளிமலை மொனை எங்க நிக்குது?"

மகன் முதல்முறையாகக் கரையைத் திரும்பிப் பார்த்து அந்தக் கேள்விக்கு விடை தேடினார். "கோபுரத்துக்கு எடது பக்கம்பா. ஒரு சாண் தள்ளி."

"அப்போ இன்னும் வரல. மெதுவா கெழக்கே விடு."

வள்ளம் நகர்ந்தது. மலை மெதுவாக நகர்ந்து கோபுரத்தின் பின்னால் போனது. "சேர்ந்துட்டு!"

"இனி முட்டத்தப் பாரு."

கலங்கரை விளக்கமும் அதன் பின்னால் மங்கலாக மருந்துவாழ் மலையும். பெரியவர் தலையசைக்க, ஈயக்கட்டி இறங்கியது. கயிறு தளர்ந்ததும் அவரே அதை வாங்கி இரண்டு முறை தூக்கித் தூக்கிப் போட்டார். மணலில் விழுந்தால் மெத்தென்று இருக்கும். இது 'டக்' என்று கைக்கு வந்தது.

மகன் கருவியைத் திறந்து, அங்கேயே புதிதாக ஒரு மார்க் அடித்தார். கருவி வழக்கம்போல ஒரு நம்பரை நீட்டியது. இந்த முறை அவர் அப்படியே விட்டுவிடவில்லை. ஆடும் வள்ளத்தில் நின்றபடி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தித் தாத்தாவின் பெயரைப் போட்டார். ஐந்து நிமிடம் ஆனது. அப்பா அவசரப்படுத்தவில்லை.

ரீசெட் செய்யும் முன் கவனிக்க...

* பேட்டரி முனைகளைச் சுத்தம் செய்யுங்கள். கருவி உறைவதற்குச் சில சமயம் உப்பும் துருவும்தான் காரணம்.

* முதலில் டிராக்கை மட்டும் அழித்துப் பாருங்கள். முழு ரீசெட் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

* கேபிள் வேலை செய்தால் கம்ப்யூட்டரில் நகல் எடுங்கள். இல்லாவிட்டால் நோட்டில் எழுதுங்கள். எழுதியதை இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்கட்டும்.

* எண்ணோடு பெயர், ஆழம், கணிச்சம் மூன்றையும் எழுதுங்கள். ஆபத்தான இடங்களையும் விடாதீர்கள்.

* ரீசெட் ஆனதும் திறந்த வெளியில் கால் மணி நேரமாவது வைத்திருங்கள். கரையில் தெரிந்த ஓர் இடத்தில் சரிபார்க்காமல் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

* வருடத்துக்கு ஒருமுறை, தொழில் குறைந்த நாள்களில், வேண்டாத பாயிண்டுகளை வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு களையுங்கள்.

எப்படிப் போகலாம்?

நாகர்கோவிலிலிருந்து குளச்சலுக்கும் முட்டத்துக்கும் பேருந்துகள் உண்டு. ரயிலில் வருகிறவர்கள் இரணியல் நிலையத்தில் இறங்கினாலும் குளச்சல் பக்கம்தான். காலையில் சீக்கிரமே போனால் குளச்சல் கரையில் மீன் ஏலம் பார்க்கலாம். அங்கிருந்து கடலோரச் சாலையில் கிழக்கே வந்தால், மாலையில் முட்டத்தில் அஸ்தமனம். பாறைகளில் வழுக்கல் அதிகம். அலைக்குப் பக்கத்தில் இறங்க வேண்டாம். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கும்போது, கடலில் தூரத்தில் ஒரு வள்ளம் அசையாமல் நின்றுகொண்டிருந்தால் கொஞ்சம் கவனியுங்கள். அதில் இருப்பவர், நீங்கள் நிற்கும் இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.